மூணாவது தூணுக்குப் பக்கத்தில்

உக்காருங்க அண்ணாச்சி, நான் தள்ளிக்கிடுதேன். பையை மேல வைக்காதீங்க. இந்த ரோட்டுல குலுக்குற குலுக்குக்கு உள்ள இருக்க லென்ஸ் என்னத்துக்கு ஆகும்? கால்கிட்ட வைங்க. கேமராப் பைதானே? பாத்ததுமே நெனச்சேன். முப்பத்தஞ்சு வருசம் அந்த வார் என் தோள்ல கெடந்துருக்கு, எனக்குத் தெரியாதா?

திருச்செந்தூர் வரைக்குமா? நான் தூத்துக்குடி. மிக்கேல் ஸ்டூடியோன்னா பழைய ஆட்களுக்குத் தெரியும். இப்ப அதுல மகன் செல்போன் ரிப்பேர் பாக்கான். போர்டு மட்டும் எம் பேருல இருக்கு.

நாகர்கோவில்ல தங்கச்சி வீட்டுலேர்ந்து வாரேன். இருபத்தாறு வருசம் கழிச்சு அவ வாசல்படி ஏறிட்டு வாரேன். ஒரு வாய் தண்ணி குடிக்கலை. இல்ல, சாப்பிட்டேன். பாரை மீன் குழம்பு வச்சிருந்தா, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது. ஆனா அவ செஞ்சது துரோகம். கூடப் பொறந்தவ செஞ்ச துரோகம். நீங்களும் கேமரா தூக்குற ஆளு, உங்களுக்குப் புரியும், அதான் சொல்லுதேன்.

அவ பேரு அமலோற்பவம். நாங்க அமலிம்போம். அப்பா சாகும்போது அவளுக்குப் பன்னிரண்டு, எனக்கு இருபது. அம்மா அதுக்கு முந்தியே போயிட்டா. யாரு வளத்தா? நான்தான் வளத்தேன். எனக்குக் கல்யாணம் ஆகி ரோணிக்கம் வந்த பொறவும் அமலிக்கு வாங்கின பொறவுதான் அவளுக்குச் சேலை வாங்குவேன். ரோணிக்கத்தைக் கேட்டா சொல்லுவா. நான் என்ன குறை வச்சேன்?

எங்கிட்ட ஒரு பெரிய ப்ளாஷ் இருந்துச்சு, வந்தது எம்பத்தேழுல. துறைமுகத்துல கப்பலுக்குச் சரக்கு ஏத்துற ஆளு ஒருத்தரு, வெளிநாட்டுக் கப்பல்காரன்கிட்ட வாங்கினதுன்னு கொண்டாந்து குடுத்தாரு. ஜெர்மன் மால். வாங்கும்போதே பழசு. கைப்பிடி ஒரு முழம் நீளம், தலையில சோத்துக் கும்பா கணக்கா ரிப்ளெக்டர். பேட்டரி தனிப் பெட்டி, தோல் வார் போட்டுத் தோள்ல மாட்டிக்கிடணும், கல்லு மாதிரி கனக்கும். ஒரு தடவை அடிச்சா மறுபடி ஏற பன்னிரண்டு செகண்ட் ஆகும். "ங்ஞீ"ன்னு ஒரு சத்தம் கீழேருந்து மேல ஏறிட்டே போகும், பொறவு சிவப்பு லைட் எரியும். அதுவரை பொறுக்கணும். ஆனா அடிச்சா அடிதான் அண்ணாச்சி. வெள்ளையடிச்ச சுவருல மதியம் வெயில் விழுந்த மாதிரி இருக்கும்.

கல்யாண வீட்டுக்கெல்லாம் அது தோதுப்படாது. பொண்ணு மாப்பிள்ளை கண்ணு அவிஞ்சு போகும். நான் அதை வச்சிருந்தது கோயிலுக்கு. எங்க பக்கத்து மாதா கோயில்களைப் பாத்திருக்கீங்கள்லா? நூத்தம்பது அடி நீளம், அறுபது அடி உசரம், ரெண்டு பக்கமும் தூணு. உள்ள இருட்டு. சும்மா ஒரு ப்ளாஷை அடிச்சா முன்னால இருக்க பெஞ்சு வெளுத்துப் போகும், பீடம் கறுப்பாக் கெடக்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு. கேமராவை ஸ்டாண்டுல வச்சு ஷட்டரைத் தொறந்தே போட்டுடணும். லென்சுக்கு முன்னால ஒரு கறுப்பு அட்டை. ஒரு ஆளு ப்ளாஷோட உள்ள போகணும். முதல் தூணுக்குப் பின்னால மறைஞ்சு நின்னு "ம்"ம்பா. நான் அட்டையை எடுத்து "அடி"ம்பேன். அவ அடிப்பா, நான் அட்டையை மூடுவேன். பொறவு ரெண்டாவது தூணு, மூணாவது தூணு, வளைவு, மேல முகடு, பீடம். ஒரே படத்துல இருபது, இருபத்திரண்டு வெளிச்சம். கழுவிப் பாத்தா கோயில் முழுக்க பகல் மாதிரி நிக்கும்.

உள்ள போற ஆளு அமலிதான். கறுப்புச் சேலை, கறுப்பு ரவிக்கை. படத்துல அவ விழக் கூடாது, அதுதான் முக்கியம். பத்து வருசத்துல ஒரு படத்துல அவ விரல் கூட விழுந்ததில்லை. அப்படிப் பழக்கி வச்சிருந்தேன்.

எந்தத் தூணுக்கு எத்தனை அடி தூரம், எங்க ஒரு தடவை அடிக்கணும், எங்க ரெண்டு தடவைங்கிறதெல்லாம் அவ பாத்துக்கிடுவா. அது சின்ன விசயம். காலடியால அளந்துட்டே போவா, வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே. சில இடத்துல ப்ளாஷைச் சுவரைப் பாக்கத் திருப்பி அடிப்பா, சில இடத்துல முந்தானையைப் போட்டு மூடி அடிப்பா. ஏன்னு கேட்டா, "இங்க இப்படி இருந்தா நல்லாருக்கும்ணே"ம்பா. சரின்னு விட்டுருவேன். படம் எடுக்கது நான்லா? ஷட்டர் என் கையில, அட்டை என் கையில. வெளிச்சம் வரும்போது நான் கண்ணை மூடிக்கிடுவேன். இல்லேன்னா கண்ணு கூசி, அட்டையை எங்க வைக்கணும்னே தெரியாமப் போயிரும்.

தொண்ணூத்தேழுல பெரிய வேலை ஒண்ணு வந்துச்சு. கடற்கரைக் கோயில்களைப் பத்திப் புஸ்தகம் போடுதாங்கன்னு ஒரு சாமியார் வந்தாரு. ஆறு கோயில், எல்லாம் உள்பக்கம். பேரு வேண்டாம், சாமியார் இன்னும் இருக்காரு. "மிக்கேல், உங்க படத்துல மட்டுந்தான் முகடு தெரியுது"ன்னாரு. எனக்குப் பெருமை தாங்கலை. ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள், அந்தத் தபசு காலம் முடிஞ்சு ஆரம்பிச்சோம். மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நாலு மணி வரைக்கும் கோயிலைப் பூட்டித் தருவாங்க. சன்னல் பூராத்தையும் சாத்திட்டு நாங்க ரெண்டு பேரு மட்டும் உள்ள. ஒரு கோயிலுக்கு மூணு நாள், நாலு நாள் கூட ஆகும்.

இதுக்கு முந்தி ஜெரோமைப் பத்திச் சொல்லணும். ரேடியோ மெக்கானிக். எங்க தெருவுக்கு அடுத்த தெரு. ப்ளாஷுக்குள்ள கரண்டைச் சேத்து வைக்குற கண்டன்சர் போனப்ப ஊருல ஒருத்தனுக்கும் கை வைக்கத் தைரியம் இல்ல. ஷாக் அடிச்சா ஆளைத் தூக்கிப் போட்டுரும். இவன்தான் ரெண்டு நாள் வச்சிருந்து சரி பண்ணினான். பேட்டரி செத்தப்ப மோட்டார் சைக்கிள் பேட்டரியை அந்தப் பெட்டிக்குள்ள பொருத்திக் குடுத்தான். கெட்டிக்காரன்தான், இல்லேங்கலை. ஆனா தொறந்த வீட்டுக்குள்ள நுழையுறதுன்னா இதுதான். அந்தத் தபசு காலத்துல ஒருநாள் சாயங்காலம் அவனும் அவங்க அம்மாவும் வந்து முன்ரூம்ல உக்காந்துட்டாங்க. அமலியைக் கேட்டு.

அமலி அப்ப டார்க் ரூம்ல பிரிண்டு போட்டுட்டிருந்தா. கதவு சாத்தியிருந்துச்சு. நான் காப்பி குடுத்து, பேசி, அனுப்பி விட்டுட்டேன். இப்ப கட்டிக் குடுக்குற யோசனை இல்லைன்னு சொன்னேன். தப்பா? ஆறு கோயில் வேலை தலைக்கு மேல கெடக்கு. அவளைக் கட்டிக் குடுத்துட்டு நான் யாரைக் கூட்டிட்டுப் போக? அதோட, ரேடியோ மெக்கானிக்குக் குடுக்கவா வளத்தேன்? நல்ல இடமா பாக்கணும்னுதான் இருந்தேன். மணப்பாட்டுலேருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை முன்னால வந்ததுதான், அதுவும் வேலை நேரமாப் போச்சு. வயசு என்ன ஆயிப்போச்சு? இருபத்தொம்பதுதானே ஆச்சு.

அமலிகிட்ட சொல்லலை. சொல்லி என்ன ஆகப் போகுது, மனசுதான் கலங்கும்னு சொல்லலை. ரோணிக்கத்துகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டேன்.

அஞ்சு கோயில் நல்லபடியா முடிஞ்சுது. ஆறாவதுதான் பெருசு. மூணு நாள் எடுத்தோம், மறுநாள் கடைசிப் படம். வாசல் பக்கத்துலேருந்து பீடம் வரைக்கும் முழுக் கோயிலும் விழுற படம். புஸ்தகத்துக்கு அட்டைப்படம் அதுதான்னு சாமியார் சொல்லியிருந்தாரு. சாவி வச்சிருந்த கோயில்பிள்ளை பூட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டான். நான் ஷட்டரைத் தொறந்து அட்டையைப் பிடிச்சேன். அமலி உள்ள போனா. காலையிலேருந்து அவ மொகம் சரியில்ல. தலைவலின்னு நெனச்சேன்.

"ம்"ன்னா. "அடி"ன்னேன். அடிச்சா. ரெண்டு, மூணு, நாலு. எல்லாம் ஒழுங்காப் போச்சு. நான் ஒரு காயிதத்துல கோடு போட்டுட்டே வாரேன். அஞ்சாவது அடிச்சுட்டு அடுத்ததுக்கு ப்ளாஷ் ஏறிட்டிருக்கு. "ங்ஞீ"ன்னு அந்தச் சத்தம். தூணுக்குப் பின்னாலேருந்து கேக்குதா,

"அண்ணே, ஜெரோம் என்னைக் கேட்டு வந்தாரா?"

காலிக் கோயில் அண்ணாச்சி. மெதுவாத்தான் கேட்டா, அது முகடு வரைக்கும் போயி திரும்பி வருது.

"யாரு சொன்னா?"

"மீன் கடையில அவங்க அம்மா. வந்தாரா?"

"படம் ஓடிட்டிருக்கு அமலி. அப்புறம் பேசு."

"ம்"ன்னா. அது எனக்குப் பதிலா, ப்ளாஷ் ஏறிட்டுதுங்கிற சைகையான்னு தெரியலை. "அடி"ன்னேன். அடிச்சா.

அடுத்த தூணுக்குப் போறா. செருப்பில்லாத காலு, சத்தமே கேக்காது. அங்கேருந்து, "எப்ப வந்தாரு?"

"அதெல்லாம் பெருசில்ல. சும்மா வந்தாங்க."

"நான் எங்க இருந்தேன்?"

"அடி."

அடிச்சா. இப்படியே அண்ணாச்சி. ஒவ்வொரு தூணுலயும் ஒரு கேள்வி, ஒரு வெளிச்சம். நான் என்ன செய்யட்டும்? பாதிப் படத்துல நிறுத்த முடியுமா? நிறுத்தினா அந்த பிலிம் போச்சு, அடுத்த நாள் திருவிழாக் கொடியேத்தம், கோயில் கெடைக்காது. "மணப்பாட்டு வாத்தியாரையும் நீதான் வேண்டாம்னியா?"ன்னு கேட்டா. "அவனுக்குத்தான் நம்ம குடும்பம் பிடிக்கலை"ன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. "அவரு எனக்கு எழுதின லெட்டர் எங்கண்ணே?"ன்னா. அது ஸ்டூடியோவுல மேஜை டிராயருலதான் கெடந்துச்சு. "லெட்டரா, என்ன லெட்டர்?"ன்னேன். ஒரு சொட்டு அழலை, சத்தம் போடலை. பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது. பீடத்துக்கு ரெண்டு. பொறவு மறுபடியும் "ங்ஞீ"ன்னு ஏறுது. சிவப்பு லைட் எரியுறது தூரத்துல புள்ளியாத் தெரியுது.

"ம்"ன்னா.

அட்டையை எடுத்தேன். கண்ணை மூடிட்டு "அடி"ன்னேன். கண்ணு இமைக்குள்ளயே சிவப்பா வெளிச்சம் தெரிஞ்சுது. அட்டையை மூடிட்டு ஷட்டரை விட்டேன். இருபத்திரண்டு. படம் முடிஞ்சுது. அவ வெளிய வந்து பெட்டியைக் கழட்டி பெஞ்சுல வச்சா. தோள்ல வார் பதிஞ்சு செவந்து கெடந்துச்சு. "போவோமா"ன்னா. பஸ்ஸுல ஒரு பேச்சு பேசலை. எனக்கு ஆறுதலாத்தான் இருந்துச்சு, சரி, புரிஞ்சுக்கிட்டா போலன்னு.

மறுநாள் விடிஞ்சு பாத்தா ஆளைக் காணோம். ரோணிக்கம் அடுப்படியில நின்னு அழுதுட்டிருக்கா. ஜெரோம் கடை பூட்டிக் கெடக்கு. நாகர்கோவில்ல அவன் தாய்மாமன் ஊர்க் கோயில்ல வச்சு பூசையில கல்யாண ஓலை வாசிச்சு அறிவிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு ரெண்டு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுது. போனது போகட்டும். ப்ளாஷையும் எடுத்துட்டுப் போயிட்டா! பேட்டரிப் பெட்டி, வார், எல்லாத்தையும். என் தொழிலுக்கு உயிரு அது. கேமராவை விட்டுட்டுப் போயிருந்தா. அதை வச்சுட்டு நான் என்ன செய்ய?

இன்னும் இருக்கு, கேளுங்க. அன்னைக்கே டார்க் ரூம்ல பிலிமைக் கழுவினேன். வேற யாரு கழுவ? தண்ணி சொட்டச் சொட்ட எடுத்து லைட்டுல பிடிச்சுப் பாத்தேன். அப்படி ஒரு படத்தை என் ஆயுசுல எடுத்ததில்லை. தூணு தூணா வெளிச்சம் இறங்கி நிக்குது, முகட்டுல இருக்க மரச்சட்டம் ஒவ்வொண்ணும் தெரியுது. நடுவுல, மூணாவது தூணுக்குப் பக்கத்துல, அவ நிக்கா.

கடைசி வெளிச்சத்தைத் தன் மேலயே திருப்பி அடிச்சிருக்கா அண்ணாச்சி. கறுப்புச் சேலையில மொகமும் கையும்தான் தெரியுது. நேரா கேமராவைப் பாத்துட்டு. அவ வழியா பின்னால பெஞ்சு தெரியுது, நிழல் மாதிரி. அட்டைப்படம்! பத்து வருசம் விரல் விழாதவ, அந்தப் படத்துல பாத்து முழு ஆளா வந்து நிக்கான்னா, அது கெடுக்கணும்னு செஞ்சதுலா? வேற என்ன?

நான் விடலை. நெகட்டிவை மேஜையில விரிச்சு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பிளேடு முனையால சுரண்டினேன். மூணு நாள். மொகத்தை முதல்ல எடுத்தேன், பொறவு கை. கொஞ்சம் அழுத்தினா பிலிம் கிழிஞ்சுரும், மூச்சைப் பிடிச்சுட்டுச் செய்யணும். கடைசில பிரிண்டுல அந்த இடம் கறுப்பா, தூணோட நிழல் மாதிரி ஆச்சு. சாமியாரே கண்டுபிடிக்கலை. புஸ்தகம் வந்துச்சு, அட்டையில அந்தப் படம், உள்ள "படங்கள்: மிக்கேல் ஸ்டூடியோ". எத்தனை பேரு பாராட்டுனாங்க தெரியுமா.

அதுக்கப்புறம் கோயில் வேலை எடுக்கலை. இல்ல, ரெண்டு எடுத்தேன். வேற ப்ளாஷ் வாங்கி, ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போயி. அந்த ப்ளாஷ் சரியில்ல. இங்க வெளுப்பு, அங்க இருட்டு, எல்லாத்துலயும் ஆளோட முழங்கை. நான் அதே இடத்துல நின்னு, அதே அட்டையைப் பிடிச்சுத்தான் எடுத்தேன். ப்ளாஷ்தான் சரியில்ல. பொறவு கல்யாணம், பிள்ளைகளோட புதுநன்மை விசேஷம்னு ஓட்டிட்டேன்.

ஜெரோம் செத்து ரெண்டு மாசம் ஆகுது. மாரடைப்பு. அவ மகள் போன் பண்ணிச்சு. அடக்கத்துக்குப் போகலை. ரோணிக்கம் போனா. வந்து என்கிட்ட ஒரு வாரம் பேசலை. பொறவு ஒருநாள், "அவ உங்களை ஒரு குறை சொல்லலை. போயி மொகத்தைக் காட்டிட்டு வாங்க"ன்னா. சரி, நானும் கேக்க வேண்டியதைக் கேட்டுருவோம்னுதான் இன்னைக்குக் காலையில பஸ் ஏறினேன்.

அமலிக்கு முடி முழுக்க நரைச்சுட்டு. "வாண்ணே"ன்னா, நேத்துப் பாத்த மாதிரி. மொதல்ல சாப்பாடு போட்டா. அந்தப் புஸ்தகம் அலமாரியில இருக்கு, பாத்துட்டேன். நான் பாத்ததை அவளும் பாத்துட்டா. எடுத்து மடியில வச்சு அட்டையைத் தொடச்சா.

"நல்லாச் சுரண்டியிருக்கேண்ணே"ன்னா.

"எப்படித் தெரிஞ்சுது?"ன்னேன்.

"அந்த மூணாவது தூணுல நான் சுவரைப் பாத்து ரெண்டு தடவை அடிச்சேன். அந்த வெளிச்சம் இதுல இல்ல. என்னை எடுக்கும்போது அதையும் சேத்து எடுத்துட்டே."

பேச்சைப் பாருங்க. நான் விட்டுருவேனா? "ஏன் அப்படிச் செஞ்சே? என் படத்தைக் கெடுக்கணும்னுதானே?"ன்னு கேட்டேன். இருபத்தாறு வருசம் நெஞ்சுல வச்சிருந்த கேள்வி.

"கெடுக்கணும்னு இல்லண்ணே. நீ கழுவுவேலா. அப்பவாவது என்னைப் பாப்பேன்னு நெனச்சேன். பாத்துட்டு வந்து கேப்பேன்னு நெனச்சேன். ஒரு மாசம் அங்கதான் அவரு தாய்மாமன் வீட்டுல இருந்தேன். ஓலை ஒரு மாசம் கழிச்சுத்தான் வாசிச்சாங்க."

"நீ ஓடிப் போவே, நான் வந்து உன்னைக் கெஞ்சணுமா?"

அவ கோவப்படலை. புஸ்தகத்தைத் திரும்ப அலமாரியில வச்சா. அப்புறம் சொன்னா, இந்தா இப்பவும் காதுல கேக்கு, "ஜெரோம் வந்த அன்னைக்கு நீ கதவைத் தட்டி, அமலி, இப்படி வந்திருக்காங்க, என்ன சொல்லன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேண்ணே. எனக்கு அப்ப கல்யாணம் பெருசாத் தெரியலை. இருட்டுக் கோயிலுக்குள்ள போயி ஒவ்வொரு தூணா வெளிச்சம் போடுறது இருக்கே, அதை விட எனக்கு எதுவும் பெருசில்ல. நீ கேக்கலை. அதான் போனேன்."

பாத்தீங்களா அண்ணாச்சி? அவன் மேல ஆசைப்பட்டுக் கூடப் போகலை! அப்ப இது என்ன? எனக்குப் பாடம் படிச்சுக் குடுக்கப் போயிருக்கா. இது துரோகம் இல்லையா? ஒரு வார்த்தை கேக்கணுமாம். அதென்ன கேக்குறது? வளத்தவன் நான், அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாளாம். நானும் வேண்டாம்னுதானே சொன்னேன்? அவ சொல்ல வேண்டியதைத்தானே நான் சொல்லி அனுப்பினேன்? அப்ப ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே…

சரி, திருச்செந்தூர் வந்துட்டு, அந்தா கோபுரம் தெரியுது. பையை எடுத்துக்கிடுங்க, வார் சீட்டுல மாட்டிருக்கு பாருங்க.

அவ அதைச் சொன்னதும் நான் என்ன சொன்னேன்னா கேக்கீங்க? "ப்ளாஷ் எங்க?"ன்னு கேட்டேன். அதான் வாயில வந்துச்சு. எந்திரிச்சுப் போயி கட்டிலுக்கு அடியிலேருந்து எடுத்துட்டு வந்தா, துணி சுத்தி வச்சிருந்தா. ஜெரோம் மாசம் ஒரு தடவை சார்ஜ் ஏத்தி ஒரு அடி அடிச்சு வைப்பாராம், கண்டன்சர் செத்துரக் கூடாதுன்னு. போன ரெண்டு மாசமா அவ அடிச்சு வைக்கா. "எடுத்துட்டுப் போண்ணே, உன்னோடதுதானே"ன்னு என் மடியில வச்சா.

நான் வாங்கலை. வாங்கி என்ன செய்ய? அதைத் தூக்கிட்டு உள்ள போக ஆளு வேணும்லா.